ராட்டினம் கணக்கா

எனக்குப் படிப்பு ஏறவில்லை. இரண்டாம் வகுப்போடு வாத்தியாருக்கு என்னிடமிருந்து விடுதலை கிடைத்தது. ஆனால் வாய் மட்டும் செஞ்சிக் கோட்டை உயரம். அந்த வாயால்தான் ஒரு காரையே சாகடித்தேன்.

கார் பெரியப்பாவுடையது. சீமைக் கார்; கிளட்ச் கிடையாது, கியர் தானாக மாறும். லாரி கவிழ்ந்து இடது காலைப் பறிகொடுத்த அவரால் ஓட்ட முடிந்த வண்டி அது ஒன்றுதான். பஸ் ஸ்டாண்டில் வாடகைக்கு நிறுத்துவார். அதன் இன்ஜின் போய்விட்டது. அதே மாதிரி ஒரு காரிலிருந்து கழற்றிய இன்ஜின் மதராசிலிருந்து வந்தது. பழைய கியர் பெட்டியை அதோடு சேர்க்க வேண்டியவர் என் நைனா. லாரி மெக்கானிக்கான அவர் அப்படியொரு பெட்டியை அதுவரை தொட்டதே இல்லை.

பெட்டியின் முகப்பில் பூசணிக்காய் பருமனில் ஓர் இரும்பு உருளை. அது உள்ளே இருக்கும் எண்ணெய் பம்பின் பல்லில் முழுசாக உட்கார்ந்தால் கையால் தள்ளினாலே சுற்றும். சுற்றாவிட்டால் போல்ட்டை முடுக்காதே என்று மதராஸ் மெக்கானிக் சொல்லி அனுப்பியிருந்தார். தொட்டுப் பார்க்க அடியில் ஒரு சின்ன ஓட்டை. நைனாவின் கை நுழையவில்லை. என் கை நுழைந்தது.

அன்று காலைதான், "ஆறு களி உருண்ட துன்னேன், உன் காரையே தூக்குவேன்" என்று பெரியப்பாவிடம் பீற்றியிருந்தேன்.

"சுத்துதாடி?" என்றார் நைனா.

உருளை அசையவில்லை. எனக்குத்தான் பலம் போதவில்லை என்று நினைத்தேன்.

"சுத்துது நைனா, ராட்டினம் கணக்கா!"

"பயில்வான் சொல்லிட்டா, முடுக்குப்பா" என்று பெரியப்பா சிரித்தார்.

பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவே இன்னும் விரல் அகலம் இடைவெளி இருந்தது. லாரியில் செய்கிற மாதிரியே நைனா போல்ட்டைப் போட்டு இழுத்தார். உள்ளே 'டக்' என்றது.

சாயங்காலம் இன்ஜின் உறுமியது. பெரியப்பா கியரைப் போட்டார். கார் நகரவில்லை. அடியில் சிவப்பாக எண்ணெய் ஒழுகியது. கழற்றிப் பார்த்தால், சரியாக உட்காராத உருளை நெருக்கியதில் பம்பு இரண்டு துண்டு. மதராசில் தேடியும் வேறு கிடைக்கவில்லை.

நைனா என்னை ஒரு தரம் பார்த்தார். நான் காருக்குப் பின்னால் நழுவினேன்.

"நாந்தாண்ணா, சரியா பாக்காம முடுக்கிட்டேன்" என்றார்.

"வுடுப்பா. நீ இன்னா வேணும்னா பண்ண?"

அதன் பிறகும் பெரியப்பா தினமும் காரைத் துடைத்து, ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்துகொள்வார். "எங்கம்மா போவணும்?" என்பார். "தொண்டூர்!" என்று நான் பக்கத்தில் ஏறிக்கொள்வேன். பாதி வழியில், அதாவது இருந்த இடத்திலேயே, ஒருநாள் கேட்டார்:

"அன்னிக்கு நெசமா சுத்துச்சாம்மா?"

"ராட்டினம் கணக்கா, பெரியப்பா."

"அப்ப சரி" என்று தலையாட்டினார். நம்பிவிட்டார் என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆறு களி உருண்டை தின்ற எனக்கே, அந்த ஒற்றைக்கால் மனுஷர் அன்றைக்கு ஏன் அவ்வளவு கனத்தார் என்று விளங்கவில்லை.