கேட்டல் தேர்வுக்கு எந்த ஸ்பீக்கர்

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு ஸ்கேல் டீச்சர் என்று பெயர். கேள்வித்தாளின் ஓரத்தைக்கூட அளந்து பார்ப்பவள் என்று பிள்ளைகள் வைத்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. தேர்வுப் பொறுப்பை அவள் கேட்டு வாங்கவில்லை. மற்றவர்கள் நைசாக நழுவியதில் அவள் தலையில் விழுந்து, அங்கேயே தங்கிவிட்டது.

மொழிப்பாடத்தில் ஒரு பகுதி, ஒலிப்பதிவைக் கேட்டு விடை எழுதுவது. போன வருஷம் அந்தப் பதிவு பாதியில் திக்கித் திணறி நின்றுபோனது. லேப்டாப்பை உயிர்ப்பிப்பதற்குள் பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். பெற்றோர் வாசலில் வந்து கத்தினார்கள். இந்த வருஷம் தலைமையாசிரியர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: "எதை வேணா வாங்குங்க டீச்சர். ஆனா மறுபடி என்னை வாசல்ல நிக்க வெச்சிடாதீங்க."

அன்றிலிருந்து வகுப்புகள் முடிந்ததும் அவளுக்கு இன்னொரு வேலை. கடைக்காரர் ஸ்பீக்கர் மாற்றி ஸ்பீக்கர் கொண்டுவருவார். தேர்வுக்கூடத்தின் முன்னால் வைத்துப் பழைய கேள்விப் பதிவை ஓடவிடுவார். அவள் கடைசி பெஞ்சில், வலிக்கும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து கேட்பாள்.

"சத்தம் வருது. வார்த்தைதான் மழுங்கலா இருக்கு."

"மேடம், மீட்டிங் ஹாலுக்கே இதைத்தான் குடுக்குறோம்."

"மீட்டிங்ல யாரு கேக்குறா? இங்க கேட்டாத்தான் மார்க்."

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அடுத்ததும் மழுங்கல், அதற்கடுத்ததும் மழுங்கல் என்றபோது அவர் முகம் தொங்கிவிட்டது. அப்போதுதான் ஓவிய டீச்சர், வீட்டுக்குச் சேர்ந்து போகலாம் என்று கூப்பிட வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். ஸ்கேல் டீச்சர் அவளிடமும் ஒரு தாளை நீட்டினாள். "சும்மா எழுதுங்க, பாப்போம்."

எழுதினார்கள். ஓவிய டீச்சரின் தாளில், காலை வண்டி தாமதமாக வரும் என்ற அறிவிப்பு ஒரு சொல் விடாமல் இருந்தது. ஸ்கேல் டீச்சரின் தாளில் மாலை வண்டி. அதற்குப் பிறகு ஓட்டை ஓட்டையாக இடைவெளிகள்.

"தெளிவாத்தானே இருக்கு டீச்சர்?" என்றாள் ஓவிய டீச்சர், குரலைத் தாழ்த்தி. அந்தத் தாழ்த்திய குரலும் ஸ்கேல் டீச்சருக்குச் சரியாகக் கேட்கவில்லை. உதட்டைப் பார்த்துத்தான் புரிந்தது. கடைக்காரர் திடீரென்று ஒயரைச் சுருட்டுவதில் மும்முரமானார்.

வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை.

"நான்தான் எப்பவோ சொன்னேனே."

"எப்பச் சொன்னீங்க? என் காதுல விழவே இல்லையே."

"அதைத்தான் சொல்றேன்."

இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கத்தியை வைத்துவிட்டு, "டாக்டர்கிட்ட போவோம்மா" என்றார்.

கடைசியாகக் கேட்ட ஸ்பீக்கரையே வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஒரு சந்தேகம் அரித்தது. வகுப்பில் எத்தனை முறை, காதில் சரியாக விழாமலே தலையாட்டியிருக்கிறாள்! எதிரே இருப்பவர்களிலும் அப்படித் தலையாட்டுகிறவர்கள் இருக்கமாட்டார்களா?

மறுநாள் ஒரு வகுப்பையே கூடத்தில் உட்காரவைத்து, மின்விசிறிகளை ஓடவிட்டு, எழுதச் சொன்னாள். பெரும்பாலான தாள்கள் பழுதில்லை. பின்வரிசையில் இரண்டு தாள்கள் ஏறக்குறைய அவள் தாளைப் போலவே இருந்தன. அவற்றில் ஒன்று, யார் சிரித்தாலும் கூடவே சிரிக்கும் நெட்டைப் பெண்ணுடையது.

"கேக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எல்லாருக்கும் இப்படித்தான் கேக்கும்னு நினைச்சேன் டீச்சர்."

ஸ்கேல் டீச்சர் அந்த இரண்டு தாள்களையும் தனியே எடுத்து வைத்தாள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

தலைமையாசிரியர் அறைக்குப் போனபோது உடம்பு அடித்துப்போட்டது போலிருந்தது. "கூடத்துக்கு ஸ்பீக்கர் போதும் சார். ஆனா வேணுங்கிற பிள்ளைங்களுக்குத் தனி ரூம் வேணும். ஆளுக்கொரு சின்ன பிளேயர், ஹெட்போன். சத்தத்தை அவங்கவங்களே கூட்டிக்கட்டும்."

"ரெண்டு பேருக்காகவா இவ்வளவு?"

"மூணு பேர் சார். எனக்கும் கேக்கல."

அவர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். கடைசியில், "சரி, வாங்குங்க" என்றவர், அவள் கதவருகே போனதும், "கூடத்தை இந்தத் தடவை கணக்கு சார் பாத்துக்கட்டும்" என்றார். குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக. அந்த உயர்த்தல்தான் அவளைச் சுட்டது.

தனி அறைக்கு வர முதலில் யாரும் பெயர் கொடுக்கவில்லை. நெட்டைப் பெண்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். ஸ்கேல் டீச்சர் கரும்பலகைக்கு முதுகு கொடுத்து நின்று, "எனக்குக் காது மந்தம். நீங்க பேசுறது பாதி கேக்குறதில்ல" என்று சொன்னாள். மணியடித்த பிறகு, பெயர் கொடுக்கப் பிள்ளைகள் ஒவ்வொருவராக ஆசிரியர் அறைக்கு வெளியே வந்து நின்றார்கள். கடைக்காரருக்குப் போன் செய்து இன்னும் சில பிளேயர்கள் சேர்த்துக் கேட்க வேண்டியதாயிற்று.

தேர்வன்று அந்தத் தனி அறை மேற்பார்வை அவளுக்கு. எல்லாம் ஹெட்போனுக்குள் நடந்தது. நெட்டைப் பெண் ஓரிடத்தில் முகம் சுளித்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு எழுதினாள். ஸ்கேல் டீச்சர் நாற்காலியில் சாய்ந்து, நகரும் பேனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் அவள் காதால் கேட்டாக வேண்டியது ஒன்றுமில்லை. பல வாரங்களுக்குப் பிறகு தோள் சற்றுத் தளர்ந்தது. தாள்களைக் கட்டிக் கொடுத்துவிட்டு, காது டாக்டரிடம் போவதற்காகக் கணவர் நிற்கும் பஸ் நிறுத்தத்துக்கு மெதுவாக நடந்தாள்.