மூடியில் ஒரு கோடு

புதுவாயல் கூட்டுரோட்டில் மருந்துக்கடை வைத்திருந்த அவரைக் கசங்கிய சட்டையில் நான் பார்த்ததே இல்லை. பையில் எப்போதும் ஒரு கறுப்பு மார்க்கர் இருக்கும். மருந்து வாங்க வரும் கம்பெனித் தொழிலாளிகளுக்கு அளவைச் சொல்லிப் புரியவைக்க அவருக்குப் பொறுமை கிடையாது. பாட்டில் மூடியில் ஒரு கோடு போட்டு, "இதுவரைக்கும் ஊத்து" என்பார்.

ஒருநாள் சுகர் மாத்திரைக்காக நான் நின்றிருந்தபோது ஒரு பெண் ஓடிவந்தாள். தோளில் கிடந்த குழந்தையின் தலை துவண்டு ஆடியது.

"அண்ணா, சளி மருந்து குடுத்ததுலேர்ந்து புள்ள கண்ணே தொறக்கல. டாக்டரு ரெண்டரை எம்எல்னாரு. நீ பத்துல கோடு போட்டுக்கீற."

அவர் மூடியை வாங்கிப் பார்த்தார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு நிதானமாகத் துடைத்தார். கோடு போய்விட்டது.

"எங்க கீது கோடு? நீயா ஊத்திட்டு இங்க வந்து பேஜாரு பண்றியா? சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போ. பாட்டிலையும் காட்டு. எவ்ளோ குடுத்தன்னு உண்மைய சொல்லு."

அவள் ஷேர் ஆட்டோவில் ஏறிப் போனதும், "கோடு இருந்துச்சே" என்றேன்.

"உங்களுக்கு ஒரு அட்டை போதுமா சார்?" என்று கேட்டார்.

குழந்தை பிழைத்துவிட்டது. அடுத்த மாதம் அதே கடையில் அவளைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் கண்ணு தெரியாம ஜாஸ்தியா ஊத்திட்டேன். இந்த அண்ணன் மட்டும் தூக்கினு போன்னு சொல்லலன்னா புள்ள இல்ல."

அவர் அவளுடைய புது பாட்டில் மூடியில் கோடு போட்டபடியே அடக்கமாகத் தலையசைத்தார். அந்த அடக்கம் நடிப்பு என்று சொல்ல இன்றுவரை என்னால் முடியவில்லை.