கஞ்சா வழக்குகளும் ஒரு வரைபடத் தாளும்

அறுபத்தொன்றாம் வருஷத்து மக்கள்தொகைக் கணக்கு ஊர்வாரியாக அச்சாகி ராமநாதபுரத்துக்கு வந்தபோது நான் அங்கே புள்ளியியல் உதவியாளன். கல்லூரியில் படித்த ரிக்ரஷனை, அதாவது ஒன்றோடு ஒன்று சேர்ந்து ஏறி இறங்குகிறதா என்று புள்ளிகளுக்கு நடுவே கோடு போட்டுப் பார்க்கும் கணக்கை, நிஜமான எதிலாவது போட்டுப் பார்க்கக் கை துறுதுறுத்தது. மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் ஒருவரிடம் போய்க் கஞ்சா வழக்குப் பதிவேட்டைக் கேட்டேன்.

"இதுக்குக் கணக்கு வேறயா தம்பி? எல்லாம் கடக்கரை ஆளுகதான்," என்று சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

எங்கள் அலுவலக டைப்பிஸ்ட் ராமேசுவரம் தீவின் கத்தோலிக்க மீனவக் குடும்பத்துப் பெண். அவருடைய அண்ணனின் வள்ளத்தைப் போலீஸார் சோதனை என்று சொல்லி அடிக்கடி குடைந்துவிடுவார்கள். ஒவ்வொரு ஊரிலும் கடல்தொழில் செய்பவர்கள் எத்தனை, வழக்கு எத்தனை என்று அவர் வாசிக்க, நான் வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். கைப்பிடி சுற்றும் கணக்கு இயந்திரத்தில் இரண்டு நாள் பெருக்கிக் கூட்டிக் கோடு போட்டால், இன்ஸ்பெக்டர் சொன்னபடியே அது ஏறியது. மீனவர் மிகுந்த ஊரில் வழக்கும் மிகுதி. டைப்பிஸ்டின் முகம் சுண்டிவிட்டது.

ஆனால் கடற்கரையை விட்டு உள்ளே தள்ளியிருந்த சிற்றூர் ஒன்றின் புள்ளி மட்டும் கோட்டுக்கு வெகு உயரத்தில் நின்றது. அங்கே மீனவரே கிடையாது. டைப்பிஸ்ட் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்கன செக்போஸ்ட் இருக்கு சார். பஸ்ஸ நிறுத்திப் பிடிக்கிற எடம். பிடிச்ச ஊரத்தான எழுதிருக்காங்க? ஆளு எந்த ஊருன்னு பாத்தீகளா?"

பதிவேட்டைப் புரட்டினேன். பிடிபட்டவரின் சொந்த ஊர் பதிவேட்டின் கடைசிக் கட்டத்தில் இருந்தது. நான் அதைத் தொடவே இல்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். சொந்த ஊர்ப்படி வைத்ததும் புள்ளிகள் நாலாபக்கமும் சிதறின, மீனவருக்கும் வழக்குக்கும் தொடர்பில்லாமல் கோடு படுத்துவிட்டது. அடுத்து, சரக்கு ரயிலில் வருகிறதோ என்று பக்கத்து ரயில் நிலையத்திலிருந்து ஒவ்வொரு ஊரும் எவ்வளவு தூரம் என்று எடுத்தோம். புள்ளிகள் வரிசை பிடித்துச் சரிந்து இறங்கின. ரயிலை நெருங்க நெருங்க வழக்கு கூடியது. நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன்.

தாளை இன்ஸ்பெக்டரிடம் கொண்டுபோனேன். அவர் புள்ளிகளை விரலால் தொடர்ந்தார்.

"அப்ப, நாங்க தேடுற எடத்துலதான் எங்களுக்குக் கெடைக்குதுங்கிறீங்க."

"ஆமா சார். ரயில் பார்சல்ல தேடிப் பாருங்க."

நம்பிக்கையில்லாமல்தான் ரயில் நிலையப் பார்சல் ஆபீஸில் இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினார். மூன்றாம் நாள் வெற்றிலைக் கூடைகளுக்கு அடியில் கஞ்சாப் பொட்டலங்கள் அகப்பட்டன. அதைச் சொல்ல அவரே சைக்கிளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார்.

வள்ளங்களைக் குடைவது அடியோடு நிற்கவில்லை, ஆனால் குறைந்தது. ஒரு நாள் டைப்பிஸ்ட் புதுத் தாள் ஒன்றை விரித்தார்.

"எழுத்தறிவு கணக்கையும் போட்டுப் பாப்பமா சார்?"

அன்று மதியம் நாங்கள் சாப்பிடவே போகவில்லை.