ஒன்பது மாதக் காமாலை

எங்கள் ஊரில் காமாலை பையன்களுக்கு வருவதில்லை. பத்தாம் வகுப்பைத் தாண்டிய பெண்களுக்கு மட்டும்தான் வரும். வந்தால் ஏழெட்டு மாதமாவது இருக்கும். காமாலை வந்தால் உடம்பு இளைக்கும் என்று மற்ற ஊர் டாக்டர்கள் சொல்கிறார்கள். எங்கள் ஊர்க் காமாலையில் உடம்பு பூசினாற்போல் ஆகும். முக்கு கிளினிக் டாக்டர் தலையை நிமிர்த்தாமலே சான்றிதழ் எழுதித் தருவார். பெண்ணின் அம்மா அதை முந்தானைக்குள் மறைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவருவாள். தெருவில் எதிர்ப்படுகிறவர்கள், "காமாலை எப்படி இருக்கு, குறைஞ்சிருக்கா?" என்று முகத்தை இம்மியும் மாற்றாமல் விசாரிப்பார்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரியும். இந்த நாடகத்தில் சான்றிதழை வாங்கி முத்திரை குத்திக் கோப்பில் சொருகுகிற வேஷம் என்னுடையது. அந்தப் பள்ளிக்கூடத்து ஆபீசில் முப்பது வருடமாக நான்தான் கிளார்க்.

நான் சொல்லப்போவது ரேடியோவின் கதை. அவளுக்குப் பள்ளிக்கூடம் வைத்த பெயர் அது. கண்ணில் பட்டதையெல்லாம் வாய்விட்டுப் படிப்பாள். நோட்டீஸ் போர்டு, மாத்திரை அட்டை, பஸ் பின்னால் எழுதியிருப்பது எதையும் விடமாட்டாள். ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே அவள் நடந்து போனால் என் சுவரில் ஒட்டியிருக்கும் சுற்றறிக்கை அத்தனையும் எனக்கு இலவசமாக ஒலிபரப்பாகும். "வாயை மூடிக்கிட்டுப் போடி" என்று நான் திட்டினால், "உங்களுக்குக் கண்ணாடி மிச்சம் மேடம்" என்று சொல்லிக்கொண்டே ஓடுவாள். அவளுடைய அம்மா தையல் கடையில் காஜா எடுக்கிறவள். நாள் முழுக்கக் குனிந்து குனிந்து கழுத்து முன்னால் வந்துவிட்டது. அப்பா என்று ஒருவர் ஃபோட்டோவில் மட்டும் இருந்தார்.

பதினொன்றாம் வகுப்பு பாதியில் இருக்கும்போது ரேடியோவுக்குப் பதினாறு முடிந்திருந்தது. அப்போதுதான் அவளுக்குக் காமாலை வந்தது. காரணகர்த்தா, பள்ளி ஃபுட்பால் அணியின் கோல்கீப்பர். அவனுக்குப் பதினேழு. பந்தைத் தவிர வேறெதையும் பொறுப்பாகப் பிடிக்கத் தெரியாதவன். பந்தையும் பாதி நேரம் விட்டுவிடுவான். அவன் அப்பாவுக்குப் பெரிய ஹார்டுவேர் கடை. பள்ளிக்கூடத்து மின்விசிறி ஒவ்வொன்றின் இறக்கையிலும் அவர் பெயர் சுற்றிக்கொண்டிருக்கும். ரேடியோவின் அம்மா அவர் கடைப் படியேறி நின்றபோது, பையன் சின்னப் பிள்ளை, அவனுக்கு என்ன தெரியும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். இவள் அவனைவிட ஒரு வயது சின்னவள். இவளைச் சின்னப் பிள்ளை என்று எங்கள் ஊரில் ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

அந்த அம்மா என்னிடம் வந்து நின்றது நன்றாக நினைவிருக்கிறது. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்திருந்தது. பள்ளியில் என்ன எழுதிக் கொடுப்பது என்று கேட்டாள்.

"காமாலைன்னு எழுதிடுங்க," என்றேன். "எல்லாரும் அப்படித்தான் எழுதறாங்க."

"திரும்பி வந்தா சேர்த்துக்குவாங்களாக்கா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றேன். யாரும் திரும்பி வந்ததில்லை என்பது எனக்குத் தெரியும்.

ரேடியோ திரும்பி வந்தாள். கடைசி வருடம் தொடங்கியதும், மூன்று மாதப் பெண் குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு, பொத்தான் போடமுடியாமல் இறுகிப்போன சீருடையின் மேல் வெயில் காலத்தில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வந்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த வருடப் பொதுத்தேர்வை எழுதிவிட வேண்டும். எழுதினால் ஏதாவதொரு கோர்ஸில் சேரலாம். சேர்ந்தால் குழந்தையைத் தானே வளர்க்கலாம். எழுதாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து ஆயுசுக்கும் காஜா எடுக்க வேண்டியதுதான். இதை அவள் யாரிடமும் ஒளிக்கவில்லை. என் மேஜை மேல் சாய்ந்துகொண்டு வரிசையாகச் சொன்னாள்.

இங்கேதான் எங்கள் ஊர்ச் சாமர்த்தியம் எங்களையே கடித்தது. குழந்தை பெற்ற பெண் வகுப்புக்கு வருகிறாள் என்று யாரும் புகார் சொல்ல முடியாது. ஏனென்றால் அப்படி எதுவும் நடக்கவேயில்லை. ஆனால் காமாலைக்காரி வருகிறாளே! பெற்றோர் கூட்டத்தில் அது பெரிய விவகாரமாகிவிட்டது. அவளுக்குத் தனி பெஞ்ச் போட வேண்டும், தனி டம்ளர் வைக்க வேண்டும் என்றார்கள். எல்லோரையும்விட உரக்கப் பேசியவள் கோல்கீப்பரின் அம்மா. தன் மகனுக்குத் தொற்றிக்கொள்ளுமாம். வளையல் குலுங்க எழுந்து நின்று சுகாதாரத்தைப் பற்றிக் கால்மணி நேரம் பேசினாள். அவளுடைய பேத்திதான் அந்த நேரத்தில் தையல் கடையில் துண்டுத்துணி அட்டைப்பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்தில் இருந்த நூறு பேரும் தலையை ஆட்டினார்கள். தீர்மானத்தை நான் அழகான கையெழுத்தில் எழுதினேன்.

அப்படியாக ரேடியோ ஜன்னலோரத்தில் தனியாக உட்கார்ந்தாள். அவள் டம்ளரில் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்தார்கள். மதிய இடைவேளை நாற்பது நிமிடம். தையல் கடைக்கு ஓட பதினைந்து, திரும்பி ஓடிவரப் பதினைந்து. மிச்சமிருக்கும் பத்து நிமிடத்தில் குழந்தை பால் குடித்துவிட வேண்டும். பெரும்பாலான நாள் அது தூங்கிக்கொண்டிருக்கும். பிற்பகல் வகுப்பில் பால் கசிந்து ஸ்வெட்டர் நனைந்துவிடும். அவள் நோட்டைப் பெரிதாக விரித்து மார்போடு பிடித்துக்கொள்வாள். கோல்கீப்பர் மூன்றாவது பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தான். அந்த வருடம் அவனுக்கு நன்னடத்தைக்கான கோப்பை கொடுத்தார்கள்.

பிறகு தையல் கடை முதலாளி, குழந்தை அழுதால் அளவு தப்பிப்போகிறது என்று சொல்லிவிட்டார். குழந்தையை வைத்துக்கொள்ள ஆளில்லை. ரேடியோ வாரத்தில் இரண்டு நாள் வரவில்லை, அப்புறம் மூன்று நாள் வரவில்லை. வருகை குறைந்தால் தேர்வுப் பட்டியலில் பெயர் இருக்காது. பட்டியல் போகவேண்டிய கடைசி நாள் வெள்ளிக்கிழமை.

இந்த நேரத்தில்தான் ஆதரவு வந்து சேர்ந்தது. நகராட்சிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில், படிக்கிற இளம் தாய்மாருக்கென்று ஒரு குழந்தைகள் அறை திறந்து இரண்டு வருடமாகியிருந்தது. அதை நடத்துகிற அம்மாவுக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பம்மா. சாவு வீட்டிலும் அதே சிரிப்போடுதான் நிற்பார். ரேடியோவும் நானும் போனபோது அறை முழுவதையும் சுற்றிக் காட்டினார். பன்னிரண்டு தொட்டில், பன்னிரண்டும் பளபளவென்று இருந்தன. ஒரு குழந்தையும் படுக்காததால் அழுக்கே படவில்லை. அதை அவர் பெருமையாகத்தான் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த படத்தில் ஒரு இளம் தாய் குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு எப்படியும் முப்பத்தைந்து வயதிருக்கும்.

குழந்தையைச் சேர்க்க ஒரேயொரு காகிதம் போதும் என்றார் சிரிப்பம்மா. இந்த மாணவி எங்கள் பள்ளியில் படிக்கிறாள், இவள் ஒரு தாய் என்று தலைமையாசிரியை கையெழுத்துப் போட்ட கடிதம். அப்படி ஒரு கடிதம் இதுவரை வந்ததே இல்லையாம். இந்த ஊரில் இளம் தாய்மாரே கிடையாது போலிருக்கிறது, நல்ல ஊர் என்று சிரித்தார். ரேடியோ தொட்டிலில் ஒட்டியிருந்த சுத்தம் செய்யும் விதிமுறையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை சத்தமாகப் படித்தாள். கோபம் வந்தால் அவள் அப்படித்தான் படிப்பாள்.

எங்கள் தலைமையாசிரியை கெட்டவர் இல்லை. கெட்டவராக இருக்கக்கூடக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். விஷயத்தைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், மறுபடி கழற்றினார். தாய் என்று கடிதம் கொடுத்தால் காமாலைச் சான்றிதழ் பொய்யாகிவிடும். பொய்ச் சான்றிதழ் கொடுத்த மாணவியின் பெயரைத் தேர்வுப் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். கடிதம் கொடுக்காவிட்டால் தொட்டில் இல்லை. தொட்டில் இல்லாவிட்டால் வருகை இல்லை. அப்போதும் பெயர் இல்லை. எந்த வழியில் போனாலும் முட்டுச்சந்துதான். சட்டம் தன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது என்று அவர் வருத்தப்பட்டார். கை அப்படியொன்றும் கட்டுப்பட்டிருக்கவில்லை. டீயை எடுத்துக் குடித்துக்கொண்டுதான் இருந்தார்.

வியாழக்கிழமை காலை முதல் மணி அடிப்பதற்கு முன்னால் ரேடியோ குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நுழைந்தாள். மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தாள். பையன்கள் பந்தை அப்படியே விட்டுவிட்டுப் பார்த்தார்கள். கோல்கீப்பர் கம்பத்துக்குப் பின்னால் நின்றுகொண்டு, நான்கு அங்குலக் கம்பம் தன்னை மறைத்துவிடும் என்று நம்பினான். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நேராகத் தலைமையாசிரியை அறைக்குப் போய் மேஜை மேல் ஒரு காகிதத்தை வைத்தாள். வைத்ததோடு விடாமல் தானே படித்தும் காட்டினாள்.

"எனக்குக் காமாலை வரல மேடம். குழந்தை பொறந்துச்சு. நான் கொடுத்த சர்டிபிகேட்டை நானே வாபஸ் வாங்கிக்கறேன். லீவைப் பிரசவம்னு எழுதிக்கோங்க."

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நானாவது ஏதாவது சொல்லித் தப்பிக்கவைப்பேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு, பிரசவமான மாணவியை நீக்க வேண்டும் என்கிற விதி எந்த எண்ணில் வருகிறது, எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார்.

நான் ஆபீசுக்குப் போய் விதிப் புத்தகத்தை எடுத்தேன். திருட்டுக்கு விதி இருந்தது, தொற்று நோய்க்கு இருந்தது, நகம் வளர்ப்பதற்குக்கூட இருந்தது. பிரசவத்துக்கு இல்லை. பிறகு கோப்பு கோப்பாகப் பிரித்தேன். 'இதர' என்று எழுதிய கோப்பில், விளையாட்டுச் சாமான் பட்டியலுக்கும் கழிவறைப் பழுதுக் கடிதத்துக்கும் நடுவில் அது கிடைத்தது. துறையிலிருந்து வந்த சுற்றறிக்கை. படிக்கும் காலத்தில் தாயாகும் மாணவியைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது. பிரசவ விடுப்பையும் குழந்தைக்காக எடுக்கும் விடுப்பையும் வருகைக் குறைவாகக் கருதக் கூடாது. குழந்தைப் பராமரிப்புக்குத் தேவையான கடிதத்தைத் தலைமையாசிரியர் தாமதமின்றித் தர வேண்டும். தேதி, பதினோரு வருடத்துக்கு முந்தையது. கீழே 'பெறப்பட்டது' என்ற முத்திரை. முத்திரையின் மேல் என் கையெழுத்து.

இல்லாத ஒரு விதிக்குப் பயந்து ஒரு ஊரே நோய் கண்டுபிடித்து வைத்திருந்தது. டாக்டரைக் கிண்டல் செய்தேன், ஹார்டுவேர்க்காரரைக் கிண்டல் செய்தேன், அந்தச் சிரிப்பையும் மூக்குக்கண்ணாடியையும் கிண்டல் செய்தேன். அந்தக் காகிதத்தைப் படிக்காமல் துளைபோட்டுக் கோப்பில் கோத்த கை என்னுடையது. எனக்கு என்னைப் பிடிக்காமல் போன நாள் அது.

கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியைக்கு உயிர் வந்தது. மேலிடத்துக் காகிதம் இருந்தால் அவர் எதற்கும் கையெழுத்துப் போடுவார். கடிதத்தை அப்போதே தட்டச்சு செய்தேன். மறுநாள் பட்டியலில் ரேடியோவின் பெயர் போயிற்று. தேர்வு எழுதினாள், கணக்கில் தோற்றாள், மறுமுறை எழுதித் தேறினாள். இப்போது மருந்துக் கிடங்கு ஒன்றில் சரக்குப் பதிவு செய்கிறாள். வளர்ந்த மகளோடு சண்டை போட்டுக்கொண்டு, நேரத்துக்குச் சாப்பிடாமல், எல்லோரையும்போல இருக்கிறாள்.

ஆனால் அந்த வியாழக்கிழமை, கடிதத்தைக் கையில் வாங்கிய பிறகும் அவள் போகவில்லை. சுற்றறிக்கையை எடுத்து வழக்கம்போல் சத்தமாகப் படிக்கத் தொடங்கியவள் தேதிக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"மேடம், எனக்கு முன்னாடி காமாலைன்னு போனவங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியாது," என்றேன். "நான் சொல்லல."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு வகுப்புக்குப் போய்விட்டாள். அன்று மாலை நான் பழைய விடுப்புக் கடிதங்களை எடுத்தேன். சுற்றறிக்கை வந்த பிறகு காமாலையில் போனவர்கள் ஏழு பேர்.

சனிக்கிழமை சுற்றறிக்கையைப் பிரதி எடுத்துக்கொண்டு முதல் முகவரிக்குப் போனேன். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. கதவைத் திறந்தவளுக்கு இருபத்தேழு வயதிருக்கும். கை முழுக்க சோப்பு நுரை. உள்ளே பத்து வயதுப் பையன் தரையில் படுத்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தில் அவள் எப்போதும் முதல் மூன்று இடத்துக்குள் வருகிறவள் என்பது அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வந்த விஷயத்தைச் சொன்னேன். கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுக் காகிதத்தை வாங்கி நின்றபடியே இரண்டு முறை படித்தாள்.

"அப்போ நான் பரீட்சை எழுதியிருக்கலாமா?"

"எழுதியிருக்கலாம்மா."

"இத சொல்லவா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

அவள் கோபமாகக் கேட்கவில்லை. காகிதத்தை நான் கொண்டுவந்த மடிப்பிலேயே மடித்து என் கையில் கொடுத்தாள். பையன் எழுதுவதை நிறுத்திவிட்டு, யாரும்மா இது என்று கேட்டான். ஸ்கூல்ல இருந்து வந்திருக்காங்க என்று சொல்லிவிட்டு அவள் கதவைச் சாத்தினாள். இன்னும் ஆறு முகவரி கையில் இருந்தன.