பள்ளத்தில் கிடைத்த சிப்பிக்கல்

பூமி எப்படி மாறியது என்பதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. விஞ்ஞானம் படிப்பிக்கும் சித்தப்பா ஒன்று, அப்பா மற்றது. அந்தக் காலத்து அறிஞர்களும் இப்படித்தான் பிரிந்து நின்று சண்டை பிடித்தார்களாம். பெருவெள்ளமும் பூகம்பமும் வந்து உலகம் திடீர் திடீரென்று புரண்டது என்றார்கள் சிலர். இல்லை, மழையும் காற்றும் அலையும் இன்றைக்குச் செய்கிற வேலையைத்தான் எண்ணமுடியாத வருடங்களாகச் செய்து வந்தன என்றார்கள் மற்றவர்கள். சித்தப்பா இவர்கள் பக்கம். “எல்லாம் மெல்ல மெல்லத்தான் மாறும் அண்ணை. எங்கடை காணியையும் ஆமிக்காரங்கள் ஒருநாள் விடுவாங்கள்” என்பார். சண்டைக்காலத்தில் ஒரே பகலில் ஊரைவிட்டு ஓடிவந்த அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். சித்தப்பா வென்றுவிட்டார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்குப் பதினொரு வயதானபோது, இராணுவத்தினர் வேலிபோட்டு அடைத்திருந்த எங்கள் ஊர்க் காணியை உண்மையாகவே விட்டார்கள். உரும்பிராயில் இருந்த வாடகை வீட்டிலிருந்து நால்வரும் போனோம். வீடு இடிந்திருக்கும் என்று தெரியும். கிணறு எங்கே போய்விடும்? எங்கள் கிணற்றில் தண்ணீர் அள்ளிப் பால் காய்ச்சிவிட்டுத்தான் மற்ற வேலை என்று அப்பா புது வாளியும் கயிறும் வாங்கியிருந்தார். பாலும் பானையும் அம்மாவின் கையில்.

காணி இருந்த இடத்தில் பெரும் பள்ளம் கிடந்தது. சுண்ணாம்புக்கல்லுக்காக யாரோ வெட்டி அள்ளிப் போயிருந்தார்கள். வீடுமில்லை, கிணறுமில்லை.

எனக்கோ கொண்டாட்டம். நினைத்தால் இப்போதும் என்னையே அறையவேண்டும் போலிருக்கிறது. சரிவில் இறங்கி, பாறையில் பதிந்திருந்த சிப்பியொன்றைக் கல்லோடு பெயர்த்தெடுத்துக் கத்தினேன். “சித்தப்பா, இஞ்சை முந்திக் கடல் இருந்திருக்கு!” அவரும் இறங்கி வந்தார். பள்ளத்தின் சுவரில் அடுக்கடுக்காகத் தெரிந்த கல்லில் விரலை வைத்து, ஒரு சாண் கல் உண்டாக எத்தனை ஆயிரம் வருடம் வேண்டும் என்று உற்சாகமாகத் தொடங்கினார்.

மேலே வாளியோடு நின்ற அப்பா கேட்டார். “உந்த அடுக்குகளிலை எங்கடை கிணறு எதுக்குள்ளை கிடக்குது? சொல்லு பாப்பம்.”

சித்தப்பா விரலை எடுத்துவிட்டார். நல்ல பாடத்தைக் கெடுத்துவிட்டாரே என்று எனக்கு அப்பாமேல் ஆத்திரம். வெயிலில் திரிந்துபோன பாலை அம்மா பள்ளத்துக்குள் ஊற்றினார். அதன்பிறகு வீட்டில் சித்தப்பா கல்லைப் பற்றிக் கதைத்ததே இல்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அப்பா என் சிப்பிக்கல்லைக் கேட்டு வாங்கினார். உரும்பிராய் வரும்வரை அதை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே இருந்தார். அந்தக் காணியிலிருந்து அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான் என்று எனக்கு விளங்கவில்லை. திருப்பித் தருவாரோ மாட்டாரோ என்று வழியெல்லாம் அவருடைய கையையே பார்த்துக்கொண்டு வந்தேன்.