தவமலர் ரீச்சரின் அரண்மனை

"மாஸ்டர், தவமலர் ரீச்சர் தவறிப்போயிட்டா." கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரின் ரயில் நிலைய வாசலில் நிற்கும்போது, எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் தொலைபேசியில் சொன்னார். "நினைவு மலருக்கு நீங்கள்தான் எழுதவேணும். அவவின்ரை அரண்மனையைப் பற்றி உங்களுக்குத்தானே வடிவாத் தெரியும்."

அவவின்ரை அரண்மனையாம். அந்தத் துக்கத்திலும் எனக்கு வயிறு எரிந்தது.

அவர்கள் அரண்மனை என்கிற அந்த வீட்டைத் தேடிக் கண்டவன் நான். பள்ளிக்குப் பின்னாலுள்ள பூங்காவில், மாரியில் தண்ணீர் தேங்கும் பள்ளம் ஒன்று உண்டு. முன்பு அது அகழி. ஒரு நிலக்கிழார் அரசரிடம் அனுமதி வாங்கி, மதிலும் காவற்கோபுரமும் வைத்து அங்கே வீடு கட்டியிருந்தார். பின்னால் வந்தவர்கள் கல்லைக் கழற்றி விற்றார்கள், மிச்ச நிலத்தை உழுதார்கள். பழைய வரைபடங்களோடு வருடக்கணக்கில் மல்லுக்கட்டி இதை அறிந்து, ஒருநாள் தேநீர் வேளையில் சக ஆசிரியை என்று தவமலர் ரீச்சரிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அடுத்த கிழமையே பெற்றோரைத் திரட்டிக்கொண்டு பள்ளத்தடிக்குப் போய்விட்டார். "இதிலைதான் அரண்மனை இருந்தது" என்றார். சனம் உடனே ராசா யார், ராணி யார் என்று கேட்டது. எனக்குப் பொறுக்கவில்லை.

"பிழையாய்ச் சொல்லாதேங்கோ ரீச்சர். இங்கை ராசா ஒருத்தரும் இருக்கேல்லை. காவல் போட்ட வீடு, அவ்வளவுதான்."

"அரண் எண்டால் காவல், மனை எண்டால் வீடு. நானும் அதைத்தானே சொன்னனான், மாஸ்டர்?"

சனம் கைதட்டியது. அந்தப் பள்ளியில் பதம் பிரிக்கப் படிப்பிக்கிறவன் நான்.

அதன்பின் லண்டனின் மறுகோடியிலுள்ள தோர்ண்டன் ஹீத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். நான் விளக்கினால் கொட்டாவி விடுகிறவர்கள், அவர் கதை சொன்னால் வெறும் புல்லை எட்டி எட்டிப் பார்த்தார்கள். "கண்டுபிடிச்சது மாஸ்டர், நான் பேர்தான் வைச்சனான்" என்று ஒவ்வொரு முறையும் மறக்காமல் சொல்வார். அந்தப் பெருந்தன்மை எனக்கு இன்னும் எரிச்சலூட்டியது. நல்ல மனுசியாகவும் இருந்து தொலைத்தால் எப்படிக் கோபிப்பது?

செத்தவீடு முடிந்த ஞாயிறு, முதன்முறையாக நானே சனத்தைக் கூட்டிக்கொண்டு போனேன். குறுக்கே பேச ஆளில்லை. காவல் போட்ட வீடு என்று ஆதாரங்களோடு, பிசகாமல் விளக்கினேன். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். முடிவில் ஒரு பெண்மணி அருகே வந்தார்.

"அப்ப ரீச்சரின்ரை அரண்மனை எங்கை, மாஸ்டர்?"

அதே பள்ளத்தைக் கையால் காட்டினேன். அவர் விளிம்பில் போய் நின்று வெகுநேரம் பார்த்தார்.

அந்த வீட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், ரீச்சர். எனக்கு எரியத்தான் செய்கிறது. போய் வாருங்கள்.