பாராட்டுப் பெற்ற பலகையை அழித்துவிட்டேன்

மதிப்பிற்குரிய நண்பர்களுக்கு வணக்கம். சென்ற வாரம் நான் பதிவிட்ட பலகைப் படத்தைப் பாராட்டினீர்கள். நன்றி கூறத் தாமதித்ததைப் பொறுத்தருள்க.

எங்கள் ஓசூர் ஆலையில் உதிரிபாகங்களைக் காஸ்டிக் சோடா என்னும் காரக் கரைசலில் கழுவுகிறோம். "அமிலமும் காரமும் ஒன்றையொன்று நடுநிலையாக்கும்" என்று அங்குள்ள பலகையில் எழுதியவள் நான். ஆசிரியரின்றி, நானே படித்துத் தேர்ந்த வேதியியல்.

இன்று காலை உடன் வேலை செய்யும் மஞ்சுளாவின் கையில் கரைசல் தெறித்தது. நசீமா அக்கா கேண்டீனிலிருந்து எலுமிச்சம்பழத்தோடு ஓடிவந்தார்.

"அதக் கீழ வைங்கக்கா! தண்ணில காட்டணும்!"

"ஏம்மா, நீதானே போர்டுல எழுதி வச்ச? காரத்துக்குப் புளிப்புதான் மாத்துன்னு!"

குடுவைக்குள் அது உண்மை. தோலின்மேல் அந்தச் சேர்க்கை சூட்டைக் கிளப்பிப் புண்ணை மேலும் ஆழமாக்கக்கூடும். இதை நான் எழுதவில்லை.

குழாயடியில் அவள் கையைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். "பழத்த வீணாக்காதீங்க, ஜூஸாச்சும் போட்டுக் குடுங்க" என்று அழுதுகொண்டே சொன்னாள் மஞ்சுளா. காயம் ஆழமில்லை என்றார் மருத்துவர்.

பலகையை அழித்துப் புதிதாக எழுதினேன்: "மேலே பட்டால் உடனே தண்ணீர். வேறெதுவும் வேண்டாம்."

நசீமா அக்கா படித்துவிட்டுக் கேட்டார்: "குடிக்கவா, ஊத்தவா?"

இன்னும் எப்படியெல்லாம் இதைத் தவறாகப் படிக்கலாம்? அடுத்த ஷிப்டுக்கு முன் பெயிண்டால் எழுத வேண்டும். விரைந்து பதில் தருக.